பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் எடுப்பது முதல் தூளி வரை: புதுத் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக இருந்த ஆண்டுகளில், பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தாய்மாரைப் போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. குழந்தையின் எடை பார்க்கணும், தொப்புளைப் பார்க்கணும், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்கணும். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "நர்சம்மா, பாப்பா பால் குடிச்சிட்டு ஏப்பமே விடமாட்டேங்குது. அப்படியே படுக்க வைக்கலாமா?" வீட்டுக்கு வீடு இதே பயம். அந்தக் கேள்வியில் தொடங்கி, அதைச் சுற்றி வருகிற மற்றவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது இது. குறைமாதக் குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்லும் முறைதான் முதலில்.

பால் குடித்ததும் குழந்தைக்கு ஏப்பம் ஏன் வருகிறது?

பாலோடு சேர்ந்து காற்றையும் விழுங்குவதால்தான். வயிற்றுக்குள் போன காற்று, பாலுக்கு மேலே குமிழியாக நிற்கும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் அந்தக் காற்று உணவுக்குழாயின் வாய்க்கு வந்து ஏப்பமாக வெளியேறும். காம்பை மட்டும் கவ்விக் குடிக்கிற குழந்தையும், பசியில் வெகுநேரம் அழுதுவிட்டுக் குடிக்கிற குழந்தையும், பாட்டிலில் குடிக்கிற குழந்தையும் அதிகக் காற்றை விழுங்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகும்படி நன்றாகப் பிடித்துக் குடிக்கிற குழந்தை காற்றை அவ்வளவாக விழுங்காது. சில குழந்தைகளுக்கு ஏப்பம் வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம்: வெளியே வருவதற்கு உள்ளே காற்று இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் கட்டாயம் ஏப்பம் எடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ஏப்பம் வரவில்லையே என்று நள்ளிரவில் முக்கால் மணி நேரம் முதுகைத் தட்டிக்கொண்டு, தானும் தூங்காமல் குழந்தையையும் தூங்கவிடாமல் உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சண்டிகரில் இதை ஓர் ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். 71 தாய்மாரையும் அவர்களுடைய குழந்தைகளையும் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஏப்பம் எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். வயிற்றுவலி அழுகையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பால் கக்குவதோ, ஏப்பம் எடுத்த குழுவில்தான் கூடுதலாக இருந்தது. சின்ன ஆய்வுதான், இதை வைத்து ஏப்பமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காற்று சேர்ந்து நெளிகிற குழந்தைக்கு ஏப்பம் வந்ததும் முகம் தெளிவதை நம் கண்ணால் பார்க்கிறோமே.

நான் சொல்வது இவ்வளவுதான்: பால் குடித்து முடித்ததும் குழந்தையை 5 முதல் 10 நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். ஏப்பம் வந்தால் நல்லது. வராவிட்டாலும் உங்கள் வேலை முடிந்தது.

எப்படிப் பிடித்து எடுப்பது?

தோளில் போடுவது எல்லாருக்கும் தெரிந்த முறை. தோளில் ஒரு துவைத்த பருத்தித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தாடை உங்கள் தோளுக்கு மேலே வரட்டும். மூக்கும் வாயும் புடவையில் புதையக் கூடாது. ஒரு கை பிட்டத்தைத் தாங்கட்டும், மறு கை கழுத்தையும் முதுகையும் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு முதுகைக் கீழிருந்து மேலாக நீவுங்கள். தட்டுவதென்றால் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு மெல்லத் தட்டுங்கள். பலமாகத் தட்டினால் ஏப்பத்தோடு பாலும் வரும்.

இரண்டாவது, மடியில் உட்கார வைப்பது. குழந்தையைப் பக்கவாட்டில் உட்கார்த்தி, ஒரு கையால் மார்பையும் தாடையையும் தாங்கிப் பிடித்து, லேசாக முன்னால் சாய்த்து மறு கையால் முதுகை நீவலாம். விரல்கள் தாடை எலும்பில் இருக்க வேண்டும், தொண்டையை அழுத்தக் கூடாது. சிசேரியன் ஆன பெண்களுக்கு நான் இந்த முறையைத்தான் சொல்வேன். தோளில் போட்டால் குழந்தையின் கால் தையலில் உதைக்கும்.

மூன்றாவது, மடியில் குப்புறப் போடுவது. தலை மார்பைவிடச் சற்று உயரமாக, ஒரு பக்கம் திரும்பியபடி இருக்கட்டும்.

ஐந்து நிமிடமாகியும் வரவில்லையா? குழந்தையை ஒரு நிமிடம் மல்லாக்கப் படுக்கவைத்து மறுபடி தூக்குங்கள். உள்ளே இருக்கும் குமிழி இடம் மாறி, தூக்கும்போதே ஏப்பம் வந்துவிடுவது உண்டு. குழந்தையின் தலை நிற்க மூன்று நான்கு மாதம் ஆகும் என்பதை எந்த முறையிலும் மறக்காதீர்கள். அதுவரை கழுத்துக்கு உங்கள் கை வேண்டும்.

பால் கொடுக்கும் நடுவில் எடுக்கலாமா?

ஒரு பக்க மார்பிலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றும்போது ஒருமுறை எடுத்தால் போதும். பாட்டில் என்றால் சுமார் 60 மி.லி. குடித்ததும் ஒருமுறை நிறுத்தலாம். சங்கிலோ பாலாடையிலோ கொடுப்பவர்கள் குழந்தையை நன்றாக நிமிர்த்திப் பிடித்து, வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அது விழுங்கியதும் அடுத்ததை விடுங்கள். நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருக்கிற குழந்தையை ஏப்பத்துக்காக இழுத்துப் பிரிக்க வேண்டாம். அது அழும், அழும்போது இன்னும் காற்றை விழுங்கும்.

குடித்துக்கொண்டே தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டுமா?

வேண்டாம். தூக்கத்திலேயே தோளில் சாய்த்துப் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஏப்பம் விடாமல் படுக்க வைத்தால் பால் புரையேறிக் குழந்தை இறந்துபோகும் என்கிறார்களே?

புதுத் தாயைத் தூங்கவிடாமல் செய்கிற பயம் இதுதான். "பால் புரையேறிக் குழந்தை பலி" என்று செய்தித்தாளில் ஒரு தலைப்பைப் படித்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம், திரும்ப உணவுக்குழாய்க்குள் இறங்குவதுதான் எளிது. போதாததற்கு, ஆரோக்கியமான குழந்தைக்கு இருமவும் விழுங்கவும் பிறவியிலேயே தெரியும். குப்புறப் படுக்கவைத்தால்தான் இது தலைகீழாகிறது. அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி 1994இல் பெரிய பிரச்சாரம் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. புரையேறி இறப்பது கூடவில்லை. ஆகவே ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும் தூங்க வைப்பது மல்லாக்கத்தான்.

உண்மையான ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. அழுகிற குழந்தையின் வாயைப் பிடித்துச் சங்கால் பாலைப் புகட்டுவது. அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்குப் படுக்கவைத்தபடியே ஊற்றுவது. பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவது. இரவில் களைப்பில் படுத்தபடி பால் கொடுத்துக்கொண்டே தாய் தூங்கிப்போய், மார்பு குழந்தையின் மூக்கை அடைத்துவிடுவது. கடைசியாகச் சொன்னதில் தாயின் தப்பு எதுவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் விழித்திருக்க ஒரு ஆள் இல்லாததுதான் தப்பு. ராத்திரிப் பாலுக்குக் கணவரோ அம்மாவோ மாமியாரோ எழுந்து உட்காரட்டும். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும், ஏப்பம் எடுப்பது உட்பட, அவர்களால் செய்ய முடியும்.

மெய்யாகவே புரையேறிவிட்டால் என்ன செய்வது?

இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போய் வருகிறது. நிமிர்த்திப் பிடித்தால் சரியாகிவிடும். சத்தமே வராமல் திணறினால், நிறம் நீலமானால், நேரம் கடத்தாதீர்கள். உங்கள் முன்கையில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடியுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். சரியாகவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில், முலைக்காம்புகளின் கோட்டுக்குச் சற்றுக் கீழே 5 முறை அழுத்துங்கள். குழந்தை அழும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108ஐ அழைக்கட்டும். குழந்தை துவண்டு மூச்சு நின்றுவிட்டால் அழைப்பில் இருப்பவர் சொல்லும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடவும் கூடாது.

தயிர் மாதிரி கக்குகிறது. இது வாந்தியா?

வயிற்று அமிலத்தில் பால் திரிந்துவிடுவதால்தான் தயிர் மாதிரி வருகிறது. உணவுக்குழாயின் அடியில் மூடிபோல இருக்கும் தசை பச்சைக் குழந்தைக்கு இன்னும் இறுகவில்லை. அதனால் கடைவாயில் வழிகிற மாதிரி ஒரு வாய் கக்குவது சாதாரணம். நான்கு மாதம் வாக்கில் இது அதிகமாகி, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். கக்கிய பிறகும் குழந்தை சிரித்துக்கொண்டு எடையும் ஏறிக்கொண்டிருந்தால் துணியை மாற்றிவிட்டு விட்டுவிடுங்கள். "குடிச்சதெல்லாம் வெளியே வந்திருச்சு" என்று தோன்றும். ஒரு தேக்கரண்டிப் பாலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு பெரிய ஈரமாகப் பரவுகிறது என்று.

ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீய்ச்சி அடிப்பதுபோல வாந்தி எடுத்து, உடனே மறுபடி பசியோடு தேடினால் மருத்துவரிடம் போகணும். இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள், இரைப்பையின் வாசல் தசை தடித்துப்போவதால் இப்படி வருவதுண்டு. சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். அது குடல் அடைப்பாக இருக்கலாம். ரத்தம் கலந்து வந்தாலும் அப்படித்தான்.

விக்கல் வந்தால் தண்ணீர் கொடுக்கலாமா?

கூடாது. விக்கல் தானாக நிற்கும். வேண்டுமானால் பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் வீறிட்டு அழுகிறது. உரம் விழுந்திருக்குமா, குடலேற்றமா?

இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக ஓய்ந்துவிடும் ஓர் அழுகை உண்டு. நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் என்று 1954லேயே இதற்கு ஓர் அளவுகோல் சொல்லியிருக்கிறார்கள். உலகத்தில் எல்லா ஊர்க் குழந்தைகளும் இப்படி அழுகின்றன. காரணம் இன்னதென்று ஒன்றைச் சுட்டிச் சொல்ல முடிவதில்லை. நம் ஊரில் இதற்கு உரம் என்றும் குடலேற்றம் என்றும் பெயர் வைத்து, புடவையில் போட்டு உருட்டுகிறார்கள், முறத்தில் வைத்துப் புடைக்கிறார்கள், வயிற்றை நீவித் தட்டுகிறார்கள். தலை நிற்காத பிள்ளையை உருட்டுவது பெரிய ஆபத்து. தயவுசெய்து செய்ய வேண்டாம்.

வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவதும் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்கும் தெரியும், என்னையும் அதைத் தடவித்தான் வளர்த்தார்கள். ஆனால் அதில் பீட்டா ஆசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பு சேர்ப்பதற்குத் தடை விதித்தார்கள். கையில் வசம்பு வளையம் கட்டினால் குழந்தை அதை வாயில் வைக்கும், அதையும் தவிர்ப்பது நல்லது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் வந்தது. அப்போது அதில் ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தன, ஆல்கஹாலைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். அழுகையை அது நிறுத்தும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது.

அப்போ என்னதான் செய்வது? பசியா, ஈரத்துணியா, புழுக்கமா என்று பாருங்கள். மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொண்டு நடங்கள். முதுகை நீவுங்கள், கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல மெல்ல மடக்கி நீட்டுங்கள். தாலாட்டுப் பாடுங்கள், ராகம் முக்கியமில்லை, உங்கள் குரல் போதும். தாங்க முடியாத கோபம் வருகிறதா? குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிடுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசியும்.

என் பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்பின் கனத்தை வைத்தோ அழுகையை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணுங்கள். முதலில் தார்போலக் கறுப்பாகப் போகும் மலம், நாலைந்து நாளில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும். பயப்பட வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டால் பால் போதுகிறது. நாளுக்கு 8 முதல் 12 முறை, இரவிலும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவதும், சீம்பாலை வீணாக்காமல் கொடுப்பதும் மிக முக்கியம். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் சேனையைத் தவிர்த்துவிடுங்கள்.

தொப்புளில் என்ன போடுவது?

எதுவும் போடாதீர்கள். மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்திருக்கட்டும், பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானே விழும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ காட்டுங்கள்.

பாட்டி காலில் போட்டுக் குளிப்பாட்டுவது சரியா?

காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே பிள்ளையைக் கிடத்தி, ஒரு சொட்டுக்கூட மூக்கில் போகாமல் தண்ணீர் ஊற்றுகிற பாட்டியின் கையை நான் எத்தனையோ முறை ரசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைப்பழக்கம் நல்லது. மெல்ல எண்ணெய் தேய்ப்பதும் நல்லது. குளித்துவிட்டுத் தூங்கும் தூக்கம் இருக்கிறதே, அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? பிறந்து 24 மணி நேரம் மட்டும் குளிப்பாட்ட வேண்டாம், உடம்பு குளிர்ந்துவிடும். தோலில் மாவுபோல ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, காப்பு.

ஆனால் பாட்டியிடம் சில விஷயங்களைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விடுவது நுரையீரலுக்குப் போகும். மூக்கில் வாய் வைத்து ஊதக் கூடாது. தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் மார்பு லேசாக வீங்கியிருக்கும். தாயின் ஹார்மோனால் வருவது அது, தானே வடியும். பால் எடுக்கிறேன் என்று பிழிந்தால் சீழ் பிடித்துவிடும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துளி ரத்தம் படுவதும் இதே காரணத்தால்தான். சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்துக்குக் காட்ட வேண்டாம். கண்ணுக்குள் மை வேண்டாம், பல மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டுக்கு ஆசைப்பட்டால் பாதத்தில் வையுங்கள்.

தூளியில் எப்போது போடலாம்?

பால் குடித்ததும் உடனே போடாதீர்கள், 15–20 நிமிடம் போகட்டும். தூளியில் உடம்பு வளைந்து வயிறு மடங்குவதால் பால் எதுக்களிக்கும். தாடை மார்பில் முட்டினால் மூச்சும் தடைப்படும். அதனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பகல் நேரத்தோடு அதை நிறுத்திக்கொண்டு, இரவில் மெத்தென்று அமுங்காத சமமான படுக்கையில், தலையணை இல்லாமல் படுக்க வையுங்கள். மூத்த பிள்ளையை ஆட்டவிடாதீர்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போகணும்?

பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால். ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்க்கையில் மூச்சு 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ. உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால். கைகாலும் வயிறும் சில்லென்று இருந்தாலும்தான். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், அல்லது எப்போதாவது மஞ்சள் உள்ளங்கை, பாதம் வரை இறங்கினால். இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று காத்திருந்து நாளைக் கடத்தியவர்களை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு வலிக்கிறது. நீல விளக்குச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

எத்தனை மாதம் வரை ஏப்பம் எடுக்க வேண்டும்?

தலை நின்று, பிடிமானத்தோடு உட்காரத் தொடங்கினால் காற்று தானே வெளியேறிவிடும். பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் இந்த வேலை உங்களுக்குக் குறைந்துவிடும். தோளில் போடும் துணியை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளுங்கள், கக்குவது அதற்குப் பிறகும் சில மாதம் இருக்கும்.